மூக்கர் சொன்னா வாங்கலாம்

மூக்கர்: ...இல்ல இல்ல, அதை அழிச்சிடு. இப்படிப் போடு. "கிளாஸை மூக்குக்கிட்ட கொண்டு போனதுமே வெனிலா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது."

மனைவி: எங்க கூட்டிட்டுப் போகுது?

மூக்கர்: எங்கயோ கூட்டிட்டுப் போகுது. நீ டைப் அடி.

மனைவி: அடிச்சிட்டேன். அப்புறம்?

மூக்கர்: "அதுக்குப் பின்னாலயே கருகின சர்க்கரை. அதுக்கும் பின்னால..." இரு, இன்னொரு தடவை பார்த்துக்கிறேன்... ம்ம்... "பழைய தோல் நாற்காலி."

மனைவி: எந்தத் தோல்?

மூக்கர்: எந்தத் தோலா?

மனைவி: பதினாறு வருஷமா ஷூ கம்பெனியில செக்கிங் வேலை பார்க்கிறேன். மாட்டுத்தோலுக்கு ஒரு வாசனை, ஆட்டுத்தோலுக்கு ஒரு வாசனை. பதப்படுத்துற மருந்து மாறினா அதுவும் மாறும். உங்க நாற்காலி எந்த ஜாதி?

மூக்கர்: பத்திரிகையில என் பக்கத்தைப் படிக்கிறவன் எவனும் ஷூ கம்பெனியில வேலை பார்க்கலை. தோல்னா தோல். அடி.

மனைவி: அடிச்சாச்சு. விலையைச் சொல்லுங்க, மேலயே போட்டுடலாம்.

மூக்கர்: விலை... நம்ம வீட்டு வாடகை ரெண்டு மாசம்.

மனைவி: ஒரு பாட்டிலா? வாடகை குடுத்தா வீட்ல படுக்கவாவது செய்யலாம்.

மூக்கர்: இதைக் குடிச்சா எங்க வேணா படுக்கலாம்.

மனைவி: அதையும் எழுதட்டுமா?

மூக்கர்: எடிட்டர் அடிப்பார். இங்க பாரு, இது சும்மா சரக்கு இல்ல. போர்பன் விஸ்கி. மக்காச்சோளத்துல காய்ச்சி, உள்பக்கம் தீயில கருக்கின புது மரப்பீப்பாயில ஊத்தி, பதினஞ்சு வருஷம் பூட்டி வைக்கிறான். திறந்து பார்த்தா பாதிதான் இருக்கும். மீதி ஆவியாப் போயிடும். அதான் விலை.

மனைவி: காணாமப் போனதுக்கும் சேர்த்து நாம காசு குடுக்கணுமா?

மூக்கர்: வருஷத்துக்கு ஒரு தடவைதான் விடுறான். மொத்தமே ரெண்டாயிரம் பாட்டில். கடையில பேர் குடுத்து வச்சு, குலுக்கல்ல விழுந்தாத்தான் வாங்கவே முடியும்.

மனைவி: விழுந்தா இனாமா?

மூக்கர்: இனாமா? முழு விலையைக் குடுத்து வாங்குற உரிமை.

மனைவி: நல்லா இருக்கே. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, வந்து பணத்தைக் கட்டிட்டுப் போங்கன்னு.

மூக்கர்: அதனாலதான் ஜனங்க என்கிட்ட கேக்குறாங்க, வாங்கலாமா வேண்டாமான்னு. பன்னெண்டு வருஷமா அந்தப் பக்கம் எதுக்கு ஓடுது? மூக்கர் சொன்னா வாங்கலாம். மூக்கர் வேண்டாம்னா விடலாம். சரி, எது எதுன்னு என்கிட்ட சொல்லாமத்தானே ஊத்தி வச்சே?

மனைவி: எப்பவும் போலத்தான். ரெண்டு கிளாஸ். எது கம்பெனிக்காரன் அனுப்பின சாம்பிள், எது நீங்க ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருக்கிற சாதா சரக்குன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

மூக்கர்: கண்டுபிடிக்க என்ன இருக்கு? இடது பக்கம் இருக்கிறது பெரிய மனுஷன். வலது பக்கம் இருக்கிறது... பாவம், நம்மள மாதிரி.

மனைவி: அவ்வளவு நிச்சயமா?

மூக்கர்: மூக்கர்னு சும்மாவா பேர் வச்சாங்க? எழுது. "நாக்குல பட்டதும் இனிப்பு. தொண்டையில இறங்கும்போது சின்னதா ஒரு சூடு. அப்புறம் நெஞ்சுக்குள்ள..."

மனைவி: ஐயோ, பால்.

மூக்கர்: "...நெஞ்சுக்குள்ள பால்" இல்லம்மா, "நெஞ்சுக்குள்ள ஒரு..."

மனைவி: அடுப்புல பால் வச்சிருந்தேங்க. நகருங்க... பாருங்க, பாத்திரம் அடிப்பிடிச்சு கரியாப் போச்சு. அடுப்புக்கு ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கீங்க. வீடு பூரா தீயிற வாசனை. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

மூக்கர்: எழுத்துல முழுகிட்டா எனக்கு உலகமே தெரியாது.

மனைவி: ம்.

மூக்கர்: என்ன ம்?

மனைவி: ஒண்ணுமில்ல. போன் அடிக்குது, நீங்க உக்காருங்க, நான் எடுக்கிறேன்... ஹலோ... ஆமாங்க, நான்தான்... அவர் குளிச்சிட்டிருக்கார்... இல்லைங்க, பிழை இல்லை. அப்படியேதான் போடணும்... ஆமாங்க, யோசிச்சுத்தான்... சரிங்க, வச்சிடறேன்.

மூக்கர்: எடிட்டரா? நான் எங்க குளிக்கிறேன்? உன் முன்னாடிதானே உக்காந்திருக்கேன்.

மனைவி: இன்னும் எழுதி முடிக்கலைன்னு தெரிஞ்சா உங்களைத்தான் காய்ச்சுவார். அஞ்சு மணிக்குள்ள கேட்டிருக்காரில்ல?

மூக்கர்: அதுவும் சரிதான். என்னமோ பிழைன்னியே?

மனைவி: ஒரு வார்த்தை சந்தேகம் கேட்டார். சொல்லிட்டேன்... அவர்னதும் ஞாபகம் வருது. பத்திரிகை ஆபீஸ்லருந்து ஒரு வாசகர் லெட்டரை அனுப்பியிருந்தாங்க. இந்தப் பாட்டில் பத்தித்தான். படிக்கட்டுமா?

மூக்கர்: புகழ்ந்திருந்தா மெதுவாப் படி.

மனைவி: "ஐயாவுக்கு வணக்கம். நான் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது. புதன்கிழமைக்குள் போய் வாங்க வேண்டும்..."

மூக்கர்: அதிர்ஷ்டக்காரன்.

மனைவி: குறுக்க பேசாதீங்க. "என் அண்ணன் என்னோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பாவின் வீட்டை விற்றதில் வந்த மனஸ்தாபம். போன மாதம் அவனே போன் செய்தான். அடுத்த ஞாயிறு வருகிறான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நல்லதாக ஒரு பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டால் அதுவே பேச வைக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் விலை என் சக்திக்கு மீறியது. செவ்வாய்க்கிழமை இதழ் வந்ததும் உங்கள் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். வாங்கு என்றால் வாங்குகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்."

மூக்கர்: முடிஞ்சுதா?

மனைவி: இன்னும் இருக்கு. "போன மாதம் நீங்கள் வேண்டாம் என்று எழுதிய பச்சை லேபிள் பாட்டிலை என்னோடு வேலை செய்பவர் கேட்காமல் வாங்கி ஏமாந்தார். உங்கள் புண்ணியத்தில் நான் தப்பித்தேன்."

மூக்கர்: இரு இரு. பச்சை லேபிளை நான் வேண்டாம்னா எழுதினேன்?

மனைவி: இல்லையா?

மூக்கர்: "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னு சொன்னேன். இதே நாற்காலியில உக்காந்து சொன்னேன்.

மனைவி: அச்சுல வந்ததைப் பார்த்தீங்களா?

மூக்கர்: நான் எழுதினதை நானே படிக்கிறதில்லைன்னு உனக்குத் தெரியாதா? சமைச்சவனுக்குப் பசிக்காது.

மனைவி: அப்ப அந்த ஆளுக்குத்தான் வேற ஏதோ பாட்டில் ஞாபகம். நாள் பூரா டைல்ஸ் வெட்டுறவர், கண்ணுல தூசி விழுந்திருக்கும். அதை விடுங்க. இவருக்கு என்ன பதில்? வாங்கலாம்னு அடிச்சு முடிச்சிடட்டுமா?

மூக்கர்: அடி.

மனைவி: "வாங்கலாம்." புள்ளி வச்சிடட்டுமா?

மூக்கர்: ...இரு.

மனைவி: "தாராளமா வாங்கலாம்"னு போடட்டுமா?

மூக்கர்: இரும்மா கொஞ்சம்.

மனைவி: மணி நாலரை ஆகுது.

மூக்கர்: ஒன்பது வருஷமா பேசலைன்னா எழுதியிருக்கான்?

மனைவி: ஒன்பது வருஷம்.

மூக்கர்: அவன் திறந்து, அண்ணன்காரன் ஒரு வாய் குடிச்சு, இதுக்காடா இவ்வளவு காசு குடுத்தேன்னு கேட்டுட்டா...

மனைவி: கேக்க மாட்டாரே. மூக்கர் சொல்லி வாங்கினதாச்சே.

மூக்கர்: அந்த மூக்கர் இல்ல.

மனைவி: எந்த மூக்கர் இல்ல?

மூக்கர்: எனக்கு மூக்கு இல்லம்மா... ஏழு வாரமாச்சு. அன்னிக்கு ஜலதோஷமும் காய்ச்சலுமா நாலு நாள் கிடந்தேனே, அதோட போச்சு. நாக்குக்கு இனிப்பு தெரியுது, எரிச்சல் தெரியுது. மத்ததெல்லாம் வெந்நி. வெனிலா, தோலு, நாற்காலி எல்லாம் பழைய நோட்டைப் பார்த்து எடுத்து விட்டேன்.

மனைவி: இடது பக்கம் பெரிய மனுஷன்னு எப்படிச் சொன்னீங்க?

மூக்கர்: நிறம். கொஞ்சம் அடர்த்தியாத் தெரிஞ்சுது.

மனைவி: ஜன்னல் வலது பக்கம் இருக்கில்ல, வெளிச்சம் வலது கிளாஸ்ல விழுந்து அது வெளுப்பாத் தெரியுது. அதனால இடது அடர்த்தியாத் தெரிஞ்சிருக்கும். ரெண்டும் ஒரே சரக்குதான்.

மூக்கர்: என்னது?

மனைவி: சாதா. ரெண்டு கிளாஸும். நம்மள மாதிரி.

மூக்கர்: அடிப்பாவி. அப்ப உனக்குத் தெரியும்.

மனைவி: வாரத்துக்குப் பத்து எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வர்றீங்க. ஒரு நாள் ஜூஸ் போட்டீங்களா? கிராம்பு டப்பாவை பாத்ரூமுக்குக் கொண்டு போற மனுஷனை நான் எங்கயும் பார்த்ததில்லை.

மூக்கர்: அது டாக்டர் சொன்னது.

மனைவி: டாக்டர்கிட்ட வேற போனீங்களா? எப்போ?

மூக்கர்: மூணு வாரம் முன்னாடி. காது மூக்கு தொண்டை டாக்டர். சின்னப் பொண்ணு. கண்ணை மூடுங்கன்னா. மூடினேன். என்ன வாசனை வருதுன்னு கேட்டா. நீங்க முதல்ல ஏதாவது காட்டுங்கன்னு சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தா மூக்குக்குக் கீழ நறுக்கின வெங்காயம் இருக்கு. கண்ணுல தண்ணி வந்துச்சு. வெங்காயத்தாலதான்னு அவகிட்ட சொன்னேன்.

மனைவி: என்ன சொன்னாங்க?

மூக்கர்: திரும்ப வரலாம், வராமலும் போகலாம், ஆறு மாசம் பார்க்கணும்னா. தினமும் காலையில சாயங்காலம் எலுமிச்சை, கிராம்பு எல்லாம் மோந்து மூக்குக்குத் திரும்பப் பழக்கணுமாம். குழந்தைக்கு அ ஆ சொல்லிக் குடுக்கிற மாதிரி. என்ன வேலை பார்க்கிறீங்கன்னு கேட்டா. சொல்ல வெக்கமா இருந்துச்சு. ரேடியோ ரிப்பேர்னுட்டேன்.

மனைவி: அவங்க வீட்டு ரேடியோவைக் கொண்டு வந்து குடுத்திருந்தா?

மூக்கர்: சிரிக்காத... சரி, சிரி.

மனைவி: என்கிட்ட ஏன் சொல்லலை?

மூக்கர்: சொன்னா நிஜமாயிடும்னு இருந்துச்சு. ஊர்ல நாலு பேர் என்னை என் பேர் சொல்லியா கூப்பிடறான்? மூக்கர்ங்கிறான். கடைக்குப் போனா மூக்கர் வந்துட்டார், நாற்காலி போடுங்கிறான். மூக்கு செத்த மூக்கருக்கு எவன் நாற்காலி போடுவான்?

மனைவி: நான் போட்டிருக்கேனே. உக்காந்துதானே இருக்கீங்க.

மூக்கர்: ...வேலை கூடப் பரவாயில்லம்மா. நீ சாயங்காலம் கம்பெனியிலருந்து வருவே பாரு. கதவு திறந்ததும் அந்தப் பசை வாசனை முன்னால வரும், நீ பின்னால வருவே. இப்ப நீ மட்டும் வர்றே. திரும்பிப் பார்த்தா பக்கத்துல நிக்கிறே. திக்குன்னு இருக்கு.

மனைவி: கல்யாணமான புதுசுலருந்து அந்த நாத்தத்துக்கு மூக்கைப் பொத்தினீங்க. போய்க் குளிச்சிட்டு வா, அப்புறம் பேசுன்னு விரட்டுவீங்க.

மூக்கர்: பொத்தினேன். இப்ப தேடுது... என்ன, நீ எதுக்குக் கண்ணைத் துடைக்கிறே? இங்க வெங்காயம் இல்லையே.

மனைவி: தீஞ்ச பால் புகை. உங்களுக்குத் தெரியாது.

மூக்கர்: போனைக் குடு. எடிட்டர்கிட்ட சொல்லிடறேன். இந்தத் தடவை பக்கம் கிடையாதுன்னு. காய்ச்சலுக்கு அப்புறம் வந்த மூணு பாட்டிலுக்கும் பொய் எழுதினேன்னு. அந்த டைல்ஸ்காரருக்கும் நானே ஒரு கடுதாசி போடறேன்.

மனைவி: என்ன பொய் எழுதினீங்க?

மூக்கர்: பச்சை லேபிளை வாங்கலாம்னேனே. அதுக்கு முன்னாடி ஒண்ணை அமிர்தம்னேன். எத்தனை பேர் காசைக் கொட்டினானோ.

மனைவி: ஒருத்தரும் கொட்டியிருக்க மாட்டாங்க. நீங்க சொன்னது எதுவும் அச்சுக்குப் போகலை.

மூக்கர்: போகலைன்னா?

மனைவி: நீங்க சொல்லச் சொல்ல அடிப்பேன். நீங்க எழுந்து போனதும் அதை அழிச்சிட்டு, நான் குடிச்சுப் பார்த்ததை எழுதி அனுப்புவேன்.

மூக்கர்: நீ குடிச்சா? உனக்குத்தான் அந்த நெடியே ஆகாதே.

மனைவி: பன்னெண்டு வருஷமா நீங்க வச்ச மிச்சத்தையெல்லாம் நான் என்ன பண்றேன்னு நினைச்சீங்க?

மூக்கர்: செடிக்கு ஊத்தறேன்னு சொன்னியே.

மனைவி: எந்தச் செடிக்கு? நம்ம வீட்ல செடியே கிடையாது.

மூக்கர்: ...அட ஆமாம்.

மனைவி: முதல்ல சும்மா ஒரு சொட்டு. அப்புறம் நீங்க சொல்றது உண்டா இல்லையான்னு பார்க்கிறதுக்கு ஒரு வாய். பாதி நாள் உண்டு. பாதி நாள் உங்க கற்பனை.

மூக்கர்: பாதியா? மூக்கு நல்லா இருந்தப்பவேவா?

மனைவி: முக்கால்னு வச்சுக்குங்க. கோபமா?

மூக்கர்: கோபப்படணும்னுதான் பார்க்கிறேன். வர மாட்டேங்குது... அந்தப் பச்சை லேபிள் நிஜமாவே மோசமா?

மனைவி: முதல் வாய் நல்லா இருக்கு. ரெண்டாவது வாய்க்கு ஒண்ணுமே இல்லை. கல்யாண வீட்ல வாசல்ல மட்டும் சிரிக்கிற சொந்தக்காரர் மாதிரின்னு எழுதினேன்.

மூக்கர்: அதை நீயா எழுதினே? எடிட்டர் போன்ல அந்த வரியைச் சொல்லித்தான் விழுந்து விழுந்து சிரிச்சார். வேற யார் எழுதினதையோ சொல்றார்னு நினைச்சேன்... சரி, இப்ப வந்த சாம்பிள் எங்க? பத்திரமா வச்சிருக்கியா?

மனைவி: காலையில நீங்க முடி வெட்டப் போனீங்கல்ல, அப்பவே ஆச்சு.

மூக்கர்: மொத்தமுமா?

மனைவி: சின்ன பாட்டில்தானே. அதுவும் டைல்ஸ்காரர் லெட்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாலு தடவை பார்த்தேன்.

மூக்கர்: சொல்லு. வாங்கலாமா, வேண்டாமா?

மனைவி: நல்ல சரக்குங்க. அதுல சந்தேகமில்லை. ஆனா பதினஞ்சு வருஷம் மரத்துக்குள்ளயே கிடந்து, மரம்தான் பேசுது, சரக்கு பேச மாட்டேங்குது. முடியிறப்போ நாக்கு பூரா பென்சிலை மென்ன மாதிரி வறண்டு போகுது. அதுக்கு ரெண்டு மாச வாடகை வேண்டாம். அதே கம்பெனிக்காரன் எட்டு வருஷம் வச்சது ஒண்ணு போடறான், நீங்க கூட போன வருஷம் எழுதினீங்க. கால்வாசி விலை. குலுக்கலும் கிடையாது, போனா எடுத்துக் குடுக்கிறான்.

மூக்கர்: ஆமாம். அதுல ஒரு ஆரஞ்சுத் தோல் வாசனை இருக்கும்.

மனைவி: அது நிஜமாவே இருக்கு. உங்க கற்பனை இல்லை. அதைத்தான் எழுதினேன். இந்தக் காசுக்கு அதுல நாலு பாட்டில் வரும், அண்ணன் தம்பி ஒன்பது வருஷத்துப் பேச்சுக்கு ஒரு பாட்டில் எப்படிப் பத்தும்னு.

மூக்கர்: எழுதினேன்னா? எழுதி முடிச்சாச்சா?

மனைவி: காலையிலயே அனுப்பியாச்சு. கீழ மட்டும் உங்க பேரைப் போடலை. இதுவரைக்கும் போட்டது எனக்கே உறுத்திக்கிட்டிருந்துச்சு. "மூக்கர் வீட்டிலிருந்து"ன்னு போட்டேன். அது எழுத்துப்பிழையான்னு கேக்கத்தான் எடிட்டர் போன் பண்ணினார். இனிமே எப்படிப் போடறதுன்னு நீங்களும் அவரும் பேசிக்குங்க.

மூக்கர்: காலையிலயே அனுப்பிட்டேன்னா... இவ்வளவு நேரமா நான் வெனிலா, தோலு, நெஞ்சுன்னு சொல்லச் சொல்ல டக்கு டக்குன்னு என்னத்தை அடிச்சுக்கிட்டிருந்தே?

மனைவி: எங்க கம்பெனிக்கு லீவு லெட்டர். நாளைக்குப் பத்தரை மணிக்கு டாக்டர் திரும்ப வரச் சொன்ன சீட்டு போன வாரமே துணி துவைக்கையில உங்க பையில கிடைச்சுது, தெரியாத மாதிரிதான் இருந்தேன், நானும் கூட வர்றேன். ‘காரணம்’னு ஒரு இடம் இருக்கு பாருங்க, அதுல என்னென்னமோ அடிச்சு அடிச்சு அழிச்சேன், கடைசியில நீங்களா சொல்றவரைக்கும் காலியாவே இருக்கட்டும்னு விட்டிருந்தேன்... இப்பதான் நிரப்பினேன்.